டாம் ஃபின்னியின் ‘விசுவாசம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

அந்தக் கால இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் டாம் ஃபின்னியைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியில் பி.டி. வாத்தியார். 22 வருஷமாகப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். தண்ணீர் தேங்கிய மைதானத்தைக் கிழித்துக்கொண்டு ஃபின்னி பாயும் புகைப்படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பகுதியை அச்செடுத்து, எங்கள் விளையாட்டுச் சாமான் அறையின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் பையன்களை வட்டமாக உட்காரவைத்து அவர் கதையைச் சொன்னேன். ஒரே ஊர், ஒரே கிளப். இத்தாலியிலிருந்து ஒரு பிரபு பணத்தைக் கொட்டிக் கூப்பிட்டும் போகவில்லை. இங்கிலாந்துக்கே ஆடிக்கொண்டு, பக்கத்தில் குழாய் ரிப்பேர் வேலையும் பார்த்தார். ‘இன்றைக்கு இருப்பவர்கள் மாதிரி காசுக்குக் கிளப் மாறியவர் இல்லை, விசுவாசம் என்றால் இதுதான்’ என்று உங்கள் வார்த்தையைத்தான் சொல்லி முடித்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அவரு என்ன கப்பு சார் ஜெயிச்சாரு?” என்று கேட்டான். லீக் பட்டமும் இல்லை, எஃப்.ஏ. கோப்பையும் இல்லை என்றேன். “அப்புறம் எதுக்கு சார் அங்கேயே கெடந்தாரு?” என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

இன்னொரு விஷயமும் கேட்கவேண்டும். என்னிடம் இருப்பதிலேயே நல்ல ஆட்டக்காரனுக்கு 16 வயது. வெளியூர் அகாடமி ஒன்றில் ஹாஸ்டலோடு இடம் கிடைத்திருக்கிறது. அவனுடைய அப்பா, முதலில் ஐ.டி.ஐ. முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார். ஃபின்னியின் அப்பாவும் அப்படித்தான் சொன்னார் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதையே இவர் எனக்கு எடுத்துக்காட்டுகிறார். நான் அவரிடம் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம், நீங்கள் பையன்களிடம் சொன்ன சொல் என்னிடமிருந்து வந்தது. ‘விசுவாசம்’ என்று எழுதியவன் நான். கை பழகிப்போய் வந்து விழுந்த சொல் அது. ஃபின்னியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள், நானும் எழுதிவிட்டேன். உங்கள் மாணவன் கேட்ட இரண்டாவது கேள்வி அந்த ஓட்டையில் சரியாக விரலை வைத்துவிட்டது. எதற்கு அங்கேயே கிடந்தார்? அவரைப் போகவிடவில்லை, அதனால் கிடந்தார். இதை முதலில் அவனிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நடந்தது இதுதான். 1952 மே மாதம் இங்கிலாந்து அணி இத்தாலிக்குப் போயிருந்தது. ஃப்ளாரன்ஸில் நடந்த ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அந்தப் பயணத்தில்தான் பலேர்மோ கிளப்பின் தலைவர், சிசிலிப் பிரபு ரைமொண்டோ லான்ஸா டி டிராபியா, ஃபின்னியைக் கேட்டார். கையெழுத்துப் போட்டால் 10,000 பவுண்டு. சம்பளம் மாதம் 130 பவுண்டு. ஜெயித்தால் அதற்குத் தனியாகப் பணம். குடியிருக்கப் பெரிய வீடு, ஓட்டக் கார். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

அந்த நேரத்தில் அவருடைய சொந்த ஊர்க் கிளப்பான பிரஸ்டன் நார்த் எண்ட் அவருக்குக் கொடுத்தது வாரம் 14 பவுண்டு. அதுவும் ஆட்டம் நடக்கும் மாதங்களில்தான், கோடை விடுமுறையில் அதையும் குறைத்துவிடுவார்கள். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் 14 பவுண்டு வீதம் விடுமுறைக் குறைப்பு எதுவும் இல்லாமல் வாங்கினாலும், அந்த 10,000 சேர 13 வருஷத்துக்கு மேல் ஆகும். போருக்குப் பிறகு அவர் பிரஸ்டனுக்கு ஆடியதே மொத்தம் 14 சீசன். ஒரு ஆயுள் உழைப்பின் கூலியை ஒரு கையெழுத்துக்குத் தருகிறேன் என்றார் அந்தப் பிரபு.

ஃபின்னி ஊருக்குத் திரும்பி, கிளப் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். எங்களுக்கு ஆடாவிட்டால் நீ யாருக்குமே ஆடமுடியாது என்பதுதான் கிடைத்த பதில். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த சனிக்கிழமைகளில் அவர் வழக்கம்போல பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் இறங்கி ஆடினார்.

இதை நாம் ‘போகவில்லை’ என்று சொல்கிறோம். அவர் கேட்கப் போனார் என்பதை விட்டுவிடுகிறோம். வாய்ப்பே வேண்டாம் என்று இருந்த மனிதர் கிளப் தலைவரின் அறைக் கதவைத் தட்டியிருக்கமாட்டார்.

அன்றைய இங்கிலாந்தில் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில் இருந்தது. சீசன் முடிந்ததும் கிளப் ஒரு பட்டியல் போடும்: இவர்களை வைத்துக்கொள்கிறோம், இவர்களை விற்கிறோம். வைத்துக்கொள்ளும் பட்டியலில் உங்கள் பெயர் இருந்து, அவர்கள் சொல்லும் சம்பளத்துக்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால், உங்களுக்குச் சம்பளம் தரவேண்டியதில்லை. லீகில் வேறு கிளப்புக்கும் போகமுடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பிடி விடாது. அதற்கு மேல் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. 1901-ல் வாரம் 4 பவுண்டு என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 1958-ல் 20 பவுண்டில் வந்து நின்றது. இங்கிலாந்து அணியின் முதல் வரிசை ஆட்டக்காரனுக்கும் அதுதான் உச்சம். கொத்தடிமை என்று நான் சொல்லமாட்டேன், அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேறு கனம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் காசு கொடுத்து உள்ளே வந்தது இவருடைய காலைப் பார்க்க. அந்தக் காசு எங்கே போகவேண்டும் என்று சொல்ல இவருக்கு வாய் இல்லை.

மீறிப் போனால் என்ன ஆகும் என்பதையும் ஃபின்னி கண்ணால் பார்த்திருந்தார். நீல் ஃபிராங்க்ளின், ஸ்டோக் சிட்டி கிளப்பின் சென்டர் ஹாஃப், அதாவது நடுவில் நின்று தடுப்பவர். இங்கிலாந்துக்குத் தொடர்ந்து 27 ஆட்டம் ஆடியவர். 1950-ல், உலகக் கோப்பைக்குச் சற்று முன்னால், கொலம்பியாவில் பொகோட்டா நகரத்தின் சான்டா ஃபே கிளப்புக்குப் போனார். கொலம்பிய லீக் அப்போது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு வெளியே இருந்தது, யார் அனுமதியும் தேவைப்படவில்லை. சில மாதத்தில் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டார். வந்ததும் தடை. இங்கிலாந்துக்கு அதன் பிறகு ஒரு ஆட்டம்கூட இல்லை. ஃபின்னியோடு ஒரே அறையில் ஜெர்சி மாட்டியவர் அவர். இது நடந்து இரண்டே வருஷத்தில் பலேர்மோ வந்து கூப்பிடுகிறது. இத்தாலி ஃபிஃபாவுக்குள் இருந்தது. பிரஸ்டன் விடாமல் அங்கே ஆடவே முடியாது.

கிளப் மனசு வைத்திருந்தால் நடந்திருக்கும். 1957-ல் லீட்ஸ் யுனைடெட், வேல்ஸ்காரரான ஜான் சார்ல்ஸை 65,000 பவுண்டுக்கு யுவென்டஸுக்கு விற்றது. அவரை இன்றும் இத்தாலியர்கள் கொண்டாடுகிறார்கள். ஆக, கடலைத் தாண்டும் வழி இருந்தது. சாவி முதலாளியிடம் இருந்தது.

எனவே நான் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஃபின்னி பிரஸ்டனை நேசித்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டீப்டேலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பிறந்து, அந்த ஊரிலேயே 91 வயதுவரை வாழ்ந்தவர். ஆனால் கதவைப் பூட்டிவைத்தவர்கள், உள்ளே இருந்தவரின் நேசத்தைக் காட்டித் தங்களுக்கு நல்லபெயர் வாங்கிக்கொள்ள நாம் உதவக்கூடாது. உங்கள் பையன்களிடம் ‘இந்தக் காலத்தவர்களுக்கு விசுவாசம் இல்லை’ என்று சொல்வதையும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைய ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்ப முடிகிறது என்றால், அது ஃபின்னியின் தலைமுறைக்குக் கிடைக்காமல் போன உரிமை.

இனி கப்பு.

முழுக்க வெறுங்கை இல்லை. 1941-ல், 19 வயதில், போர்க்காலக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஆர்சனலோடு ஆடினார். அது 1-1. பிளாக்பர்னில் நடந்த மறு ஆட்டத்தில் பிரஸ்டன் 2-1 என்று ஜெயித்தது. ஆனால் போர்க்காலத்துக் கோப்பைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 1951-ல் இரண்டாம் டிவிஷன் பட்டம். இதையும் பையன்கள் பெரிதாக நினைக்கமாட்டார்கள்.

பெரிய பட்டம் கைக்கு எட்டிய வருஷம் 1952-53. பலேர்மோவுக்குப் போகவிடாததற்கு அடுத்த சீசன் என்பதைக் கவனியுங்கள். சீசன் முடிவில் பிரஸ்டன் 54 புள்ளி. ஆர்சனலுக்கு இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி. மே 1, வெள்ளிக்கிழமை, ஆர்சனல் தன் மைதானத்தில் பர்ன்லியை 3-2 என்று ஜெயித்து அதே 54-க்கு வந்தது. அன்று கோல் வித்தியாசம் என்ற முறை இல்லை. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பார்கள். ஆர்சனல் 97 அடித்து 64 வாங்கியது. பிரஸ்டன் 85 அடித்து 60 வாங்கியது. வகுத்தால் 1.516, 1.417. ஒன்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பின்னம், அதில் போனது லீக் பட்டம். மறுநாள் சனிக்கிழமை வெம்ப்ளியில், இங்கிலாந்து அணியில் ஃபின்னியோடு ஆடிய 38 வயது ஸ்டான்லி மாத்யூஸ் பிளாக்பூலுக்காக எஃப்.ஏ. கோப்பையை வென்றார், நாடே சேர்ந்து மகிழ்ந்தது. அந்த இரண்டு நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனத்துவிடுகிறது.

அடுத்த வருஷம், 1954-ல், ஃபின்னிக்கும் அதே இறுதி ஆட்டம் வாய்த்தது. மாத்யூஸுக்குக் கிடைத்தது இவருக்கும் கிடைக்கட்டும் என்று பொதுவான ஜனங்கள் ஆசைப்பட்டார்கள். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கு எதிராகப் பிரஸ்டன் 2-1 என்று முன்னிலையில்கூட இருந்தது. கடைசியில் 3-2 என்று தோற்றது. ஃபின்னி அன்று சரியாக ஆடவில்லை. பிற்பாடு அதை அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். நானும் ஒளிக்கவில்லை. அவருடைய மிகப் பெரிய நாளில் அவருடைய கால் பேசவில்லை.

இவ்வளவுதான் கப்புக் கணக்கு. “என்ன ஜெயிச்சாரு?” என்று கேட்ட பையனுக்கு இதை அப்படியே, மழுப்பாமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, “அவர் என்ன ஆடினார்னு இப்போ கேளு” என்று சொல்லுங்கள்.

ஃபின்னி பிறவியில் இடங்கால்காரர். சின்ன வயதில் கழுத்துச் சுரப்பியில் நோய், உடம்பு ஒல்லி, உயரம் இல்லை. தாய் அவருக்கு 4 வயதிலேயே இறந்துவிட்டார். அந்தப் பையன் வலது காலைத் தானாகவே பழக்கினான். எவ்வளவு பழக்கினான் என்றால், பின்னாளில் இங்கிலாந்து அவரை வலது விங்கில், அதாவது வலது ஓரத்தில், ஆடவைத்தது, இடது விங்கில் ஆடவைத்தது, பிரஸ்டன் கடைசி வருஷங்களில் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தியது. மூன்றிலும் முதல்தரம். மாத்யூஸா ஃபின்னியா என்று அந்த நாட்டில் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. 1947 மே மாதம் லிஸ்பனில் மாத்யூஸை வலப்புறமும் ஃபின்னியை இடப்புறமும் சேர்த்து இறக்கினார்கள், இங்கிலாந்து போர்ச்சுகலை 10-0 என்று அடித்தது.

19 வயதில் வெம்ப்ளியைப் பார்த்தவருக்கு லீகில் முதல் ஆட்டம் 24 வயதில். நடுவில் போர். கவசப் படையில் சேர்ந்து எகிப்திலும் பிறகு இத்தாலியிலும் டாங்கி ஓட்டினார். ஒரு விங்கரின் கால் வேகமெடுக்கும் வயது அது முழுவதும் மணலிலும் சேற்றிலும் போனது. 1946 ஆகஸ்ட் 31-ல் லீகில் இறங்கினார். செப்டம்பர் 28-ல் இங்கிலாந்து அணியில் இருந்தார். 4 வாரம்! அதன் பிறகு நாட்டுக்கு 76 ஆட்டம், 30 கோல். பிரஸ்டனுக்கு லீகில் 433 ஆட்டம், 187 கோல். எதிராளி முழங்காலை உடைக்க வருவது சர்வசாதாரணமான காலத்தில், ஒரு தடவைகூட நடுவர் அவர் பெயரைக் குறித்துக்கொண்டதில்லை. இங்கிலாந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை இரண்டு தடவை வாங்கிய முதல் ஆள் அவர்தான், 1954-லும் 1957-லும். பிரஸ்டனில் அவருக்குப் பின்னால் நின்று ஆடிய பில் ஷாங்க்லி, பிறகு லிவர்பூலைப் பெரிய கிளப்பாக ஆக்கியவர், சாகும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: ஃபின்னி மேல்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாலும் எந்தக் காலத்திலும் எந்த அணியிலும் பெரிய ஆட்டக்காரர்தான்.

உங்கள் அறைக் கதவில் இருக்கும் அந்தப் படத்துக்கு வருகிறேன். 1956 ஆகஸ்ட், லண்டனில் செல்சியின் மைதானம். புயல்மழை கொட்டி ஓய்ந்திருக்கிறது. மூலப்படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பையன்களிடம் காட்டுங்கள். முதலில் கண்ணுக்குப் படுவது தண்ணீர்தான், விசிறி விரித்ததுபோல் எழுந்து நிற்கும் தண்ணீர். அதைக் கொஞ்சம் மறந்துவிட்டு உடம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறக்குறைய விழுந்துவிட்டார். கை தானாக விரிந்து சமன் தேடுகிறது. கண் மட்டும் பந்தை விடவில்லை. தோல் பந்து, காய்ந்திருக்கும்போதே 400 கிராமுக்கு மேல். அன்றைய தண்ணீரில் ஊறி என்ன கனம் இருந்திருக்கும் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், உங்கள் தலைமுறை அதை உதைத்திருக்கும். அப்போது அவருக்கு வயது 34. அந்தப் படத்தைப் பார்த்துச் செய்த சிலை 2004 முதல் டீப்டேலில், நீரூற்றுக்கு நடுவில் நிற்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் அதில் ஒரு பையனின் வாழ்க்கை இருக்கிறது.

ஃபின்னி 14 வயதில் பள்ளியை விட்டுப் பிளம்பரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிரஸ்டன் கிளப் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முழுநேரமாக வா என்றது. அப்பா முடியாது என்றார். தொழிலை முடி, பந்து அதுவரை பகுதிநேரம். பையனுக்கு வருத்தம்தான். ஆனால் முடித்தார்.

அந்தக் காலத்துப் பிளம்பர் வேலையை இன்றைய பி.வி.சி. குழாயும் பசையும் வைத்து யோசிக்கக்கூடாது. குழாய் ஈயம். இரண்டு ஈயக் குழாய்களைச் சேர்க்கவேண்டும் என்றால், ஒன்றின் வாயை மரக்கூம்பால் தட்டி அகலமாக்குவார்கள், இன்னொன்றைச் சீவிக் கூராக்கி அதற்குள் இறக்குவார்கள். மேலே விலங்குக் கொழுப்புத் தடவி, ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கியதைக் கரண்டியால் ஊற்றுவார்கள். உருகியது ஒரேயடியாக இறுகாது. தண்ணீராகவும் இல்லாமல் கட்டியாகவும் இல்லாமல் வெண்ணெய்போல் குழைந்து சிறிது நேரம் நிற்கும். அந்த நேரத்துக்குள் கொழுப்பில் ஊறிய தடித்த துணியைக் கையில் பிடித்து, குழாயைச் சுற்றி வழித்து உருட்டிவிடவேண்டும். முந்தினால் வழிந்துவிடும். பிந்தினால் இறுகிவிடும். உங்களுக்கும் நினைவிருக்கும், நம் தெருக்களுக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர் துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, புகை எழும்பும்போது துணியால் ஒரே வீச்சில் பாத்திரத்தின் உள்வட்டம் முழுக்க வெள்ளி ஏற்றிவிடுவார். நான் சிறுவயதில் பள்ளிக்கு நேரமாவது தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஏறக்குறைய அதே கை அது.

ஃபின்னியின் பழைய படத்துணுக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது. அவர் டிஃபெண்டரை ஓடிக் கடப்பதில்லை. பந்தோடு நேரே போய் நிற்பதுபோல் மெதுவாகிறார். எதிராளியின் எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் கணம் ஒன்று வருகிறது. அதில்தான் போகிறார். பிளம்பர் வேலை அவருக்கு டிரிபிளிங் கற்றுக்கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. பொறுத்திருந்து, வந்ததும் தவறவிடாத கை ஒன்று இரண்டிலும் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தொழில் அவரைக் காப்பாற்றியது உண்மை. ஆடிக்கொண்டிருக்கும்போதே உடன்பிறந்தவர் ஜோவோடு சேர்ந்து பிளம்பிங் கம்பெனி வைத்தார். காலையில் பயிற்சி, பிறகு யாரோ வீட்டுக் குழாய். 1960-ல் தொடை இடுக்குக் காயம் விடாமல் படுத்தியதால் 38 வயதில் ஓய்வுபெற்றார். உச்சவரம்பு ஒழிந்தது 1961 ஜனவரியில். 9 மாதம் பிந்திவிட்டது. ஃபுல்ஹாமின் ஜானி ஹேன்ஸ் உடனடியாக வாரம் 100 பவுண்டு வாங்கினார், ஃபின்னியின் கடைசிச் சம்பளத்தைப்போல் ஐந்து மடங்கு. ஃபின்னியோடு ஆடியவர்களில் பலர் ஆட்டம் முடிந்தபின் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். இவருக்குக் கம்பெனி இருந்தது. பிறகு ஊரில் மாஜிஸ்திரேட்டாக இருந்தார், கிளப்பின் தலைவரானார், மனைவி எல்ஸிக்கு மறதி நோய் வந்தபோது வருஷக்கணக்கில் கூட இருந்து பார்த்துக்கொண்டார். 1998-ல் ‘சர்’ பட்டம். அவர் ஓய்வுபெற்ற அடுத்த சீசனிலேயே பிரஸ்டன் அன்றைய உச்ச நிலையான முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. இன்றுவரை ஏறவில்லை. ஒரு ஆளின் தோளில் எவ்வளவு இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே அந்த அப்பா தவறாக யோசிக்கவில்லை. அதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், நீங்கள் எதிராளி இல்லை என்று அவருக்குத் தெரியட்டும். ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஃபின்னியின் அப்பா ‘தொழிலை முடி’ என்றபோது பந்தை நிறுத்தச் சொல்லவில்லை. பையன் அந்த வருஷங்களிலும் பிரஸ்டனின் இளையோர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். கிளப்பும் தொழிற்கூடமும் வீடும் ஒரே ஊரில், நடக்கிற தூரத்தில் இருந்தன. உங்கள் பையனுக்கு ஐ.டி.ஐ. இரண்டு வருஷம் என்றால், அந்த இரண்டு வருஷமும் அவனுக்கு வாரம் எத்தனை நாள் நல்ல பயிற்சி, எத்தனை நல்ல ஆட்டம் என்று கேளுங்கள். 16-லிருந்து 18 என்பது உடம்பு ஆட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் வயது, அது உங்களுக்கு என்னைவிடத் தெரியும். அகாடமி இருக்கும் ஊரிலும் ஐ.டி.ஐ. இருக்கும். இரண்டையும் அங்கேயே சேர்த்துச் செய்ய முடியுமா என்று அகாடமியில் பேசுங்கள். எழுத்தில் வாங்குங்கள். பையனின் பதிவு யாரிடம் இருக்கும், வேண்டாம் என்று கிளம்பினால் விடுவார்களா, காயம் பட்டால் யார் செலவு என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் அப்பாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். ஃபின்னியின் கதையை அந்த அப்பா ஒரு பாதிதான் கேட்டிருக்கிறார். தொழில் இருந்ததால் அவர் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் தொழில் கையில் இருந்தும், தன் காலை எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்க அவரால் முடியவில்லை. உங்கள் மாணவனுக்கு இரண்டும் வேண்டும்.

கடைசியாக ஒரு ஆட்டம். என் கட்டுரையில் இது விட்டுப்போயிற்று, உங்கள் பையன்களுக்குச் சொல்லுங்கள்.

நியூகாசில் யுனைடெட்டில் ஜார்ஜ் ஈஸ்தம் என்று ஒரு இளைஞர் இருந்தார். 1960-ல் அவர் வேறு கிளப்புக்குப் போகவேண்டும் என்றார். கிளப் மறுத்தது. சரி, ஆடமாட்டேன் என்று கிளம்பிப்போய், சர்ரேயில் தக்கை விற்கிற வேலையில் சேர்ந்தார். மாதக்கணக்கில் பந்தைத் தொடவில்லை. கடைசியில் நியூகாசில் இறங்கிவந்து 47,500 பவுண்டுக்கு ஆர்சனலிடம் விற்றது. விரும்பிய கிளப் கிடைத்துவிட்டதே என்று அவர் விடவில்லை. ஆட்டக்காரர் சங்கம் துணைநிற்க வழக்கைத் தொடர்ந்தார். 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைப் பிடித்துவைக்கும் அந்த முறை, ஒருவர் தன் தொழிலைச் செய்வதற்குப் போடும் நியாயமற்ற தடை. 11 வருஷம் முன்னால் ஃபின்னிக்கு முன் சாத்தப்பட்ட கதவு அதுதான்.

அந்தத் தீர்ப்பு வந்து மூன்றாவது மாதம், செப்டம்பர் 25, பெல்ஃபாஸ்ட். வட அயர்லாந்துச் சாம்பியனான டிஸ்டிலரி, ஐரோப்பியக் கோப்பையில் லிஸ்பன் நகரத்தின் பென்ஃபிகாவோடு ஆடுகிறது. 1961-லும் 1962-லும் அந்தக் கோப்பையை வென்ற பென்ஃபிகா, யூசேபியோ ஆடும் பென்ஃபிகா. டிஸ்டிலரி அணியில், ஓய்வுபெற்று 3 வருஷம் ஆன, 41 வயது டாம் ஃபின்னி இறங்கினார். வந்து ஆடித்தரவேண்டும் என்று அவரைக் கேட்டது டிஸ்டிலரி. அந்த அணியின் மேலாளர் பெயரும் ஜார்ஜ் ஈஸ்தம். வழக்குப் போட்டவரின் அப்பா.

ஆட்டம் 3-3. லிஸ்பனில் நடந்த இரண்டாம் கட்ட ஆட்டத்துக்கு ஃபின்னி போகவில்லை. பிரஸ்டனுக்கு, தன் பிளம்பிங் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார்.

அகாடமியில் பேசிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். அந்த எட்டாம் வகுப்புப் பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்.